கடைசிப் பத்து நிமிட விமர்சகர்

ஆறு வருடத்தில் அவன் முந்நூற்றுச் சொச்சம் படங்களின் முடிவைப் பார்த்திருந்தான். அவற்றில் ஒன்றின் தொடக்கத்தையும் பார்த்ததில்லை.

இதில் மர்மம் ஏதுமில்லை. ஐந்து திரைகள் கொண்ட ஒரு சினிமா வளாகத்தில் அரங்கைக் கூட்டுவது அவன் வேலை. ஒரு காட்சி முடிந்து அடுத்த காட்சிக்கு ஆட்களை உள்ளே விடுவதற்கு நடுவே பதினெட்டு நிமிடம்தான் கிடைக்கும். அதற்குள் முந்நூறு இருக்கைகளுக்கு அடியிலும் குனிந்து நிமிர வேண்டும். விளக்கு எரிந்த பிறகு உள்ளே போனால் வேலைக்கு ஆகாது என்பதால், படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே துடைப்பமும் கறுப்புப் பையுமாக நுழைந்து பின்சுவரோடு சுவராக நிற்கச் சொல்லியிருந்தது நிர்வாகம். நின்றான். கண்ணை மூடிக்கொண்டா நிற்க முடியும்? பார்த்தான். ஒரே முடிவை ஒரு நாளைக்கு நாலு தடவை. படம் ஓடினால் நாலு வாரம். ஒரு வில்லன் ஒரே வாரத்தில் இருபத்தெட்டு முறை செத்ததை அவன் கண்ணால் கண்டிருக்கிறான். இருபத்தெட்டு முறையும் அந்த ஆள் ஒரே தப்பைத்தான் செய்தான்: சுடாமல் பேசிக்கொண்டிருந்தான்.

பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் விளக்கு எரிந்து, ஜனங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்போதே அவன் ஒரு வாக்கியம் சொல்வான். "இது தேறாது." "இது அஞ்சு வாரம் ஓடும்." "இந்த ஆள் அடுத்த படம் எடுக்காம இருந்தா அதுவே பெரிய சேவை." பாப்கார்ன் விற்பவரிலிருந்து வண்டி நிறுத்துமிடத்துக் காவலாளி வரை எல்லாரும் அவனைத் 'தீர்ப்பு' என்றே கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அது யாருக்கும் ஞாபகமில்லை. சில நாள் அவனுக்கும்.

அவனோடு வேலை பார்த்தவர் பை அக்கா. அவன் கூட்டுவான், அக்கா பையைப் பிடிப்பார். ஐம்பது வயது. படங்களைப் பற்றி அவருக்கு அபிப்பிராயமே கிடையாது. குப்பையைப் பற்றித்தான் உண்டு. இருவருக்கும் படங்களின் பெயர்கள் தெரியாது. சுவரொட்டிகள் முன்வாசலில் இருந்தன, இவர்கள் வந்துபோனது பின்படி வழியாக. ஆகவே முடிவை வைத்தே பெயர் வைத்துக்கொண்டார்கள். பாலம் வெடிக்கிற படம். மழையில மன்னிப்பு. விமான நிலையத்துல ஓட்டம். நீதிபதி கண்ணாடி தொடைக்கிற படம். பெயர் வைத்ததில் இவர்களுடையதே தேவலை என்று சொல்ல வேண்டும். பாலம் வெடிக்கிற படத்துக்குச் சுவரொட்டியில் இருந்த பெயர் ஒரு மிருகத்தின் பெயர்; படத்தில் அந்த மிருகம் இல்லை.

அந்தப் பாலத்தைப் பற்றித் தீர்ப்புக்குக் கடுமையான கருத்து இருந்தது. நாயகன் நடந்து வருகிறான், பின்னால் பாலம் வெடிக்கிறது, அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "பதினாறு காரு பறக்குதுக்கா. ஒரு மனுஷன் அந்தச் சத்தத்துக்குத் திரும்பலன்னா அவன் வீரன் இல்ல, காது டாக்டரப் பாக்க வேண்டியவன்." விமான நிலையத்துப் படத்தில் காதலன் ஆறு காவலர்களைத் தாண்டி ஓடிக் காதலியைப் பிடித்துவிடுகிறான். "நம்ம பின்வாசல் காவலாளி, அடையாள அட்டை மறந்துட்டு வந்தா என்னையே உள்ள விட மாட்டேங்கிறார். அவனுக்கு மட்டும் எப்படிக்கா விட்டாங்க?" நீதிமன்றப் படத்தில் நாயகி ஏழு நிமிடம் மூச்சு விடாமல் பேசுவாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதில் மட்டும் அவன் கொஞ்சம் இறங்கிவந்தான். அந்தப் பெண்ணின் குரல் நாலாவது நிமிடத்தில் உண்மையாகவே கம்மியது என்றும், அதை இயக்குநர் கவனிக்காமல் விட்டதே படத்தின் ஒரே நல்ல காரியம் என்றும் சொன்னான்.

அப்புறம் இரண்டாம் பாகத்துக்கு வழி வைக்கும் படங்கள். இந்த வருடம் பதினோரு படங்களில் செத்தவன் கடைசி நொடியில் கண்ணைத் திறந்திருந்தான். "ஒரு கண்ணத் தொறந்தா அடுத்த பாகம் வரும். ரெண்டையும் தொறந்தா பேய்ப்படம். தொறக்கவே இல்லன்னா தயாரிப்பாளர்கிட்ட காசு தீந்துபோச்சு."

வெறும் வாய்ப்பேச்சாக இருந்தால் மேலாளர் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார். தீர்ப்பிடம் அளவுகோல் இருந்தது. முதலாவது செருப்பு. குளிர்சாதன இருட்டில் உட்காரும் ஜனங்கள் காலை உருவி மேலே வைத்துக்கொள்வார்கள். படம் முடிவதற்கு முன்னாலேயே இருட்டில் காலால் செருப்பைத் துழாவுகிற சரசரப்பு கேட்டால் அந்தப் படம் செத்தது. விளக்கு எரிந்த பிறகும் செருப்பைத் தேடாமல் உட்கார்ந்திருந்தால் பிழைத்தது. இரண்டாவது பாப்கார்ன் டப்பா. நிறைய மிச்சத்தோடு நிமிர்ந்து நின்றால் பாதியில் எழுந்து போயிருக்கிறார்கள். நிறைய மிச்சத்தோடு கவிழ்ந்து கிடந்தால் துள்ளியிருக்கிறார்கள். வழித்து நக்கிய மாதிரி காலியாக இருந்தால், பாவம், செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாமல் இருந்திருக்கிறது.

ஊரெல்லாம் நட்சத்திரம் வாரி வழங்கிய ஒரு போர்ப்படத்தை அவன் முதல் நாளே "வெள்ளிக்கிழமைக்குள்ள காலி" என்றான். வியாழக்கிழமையே காலி. அன்றிலிருந்து திங்கட்கிழமைக் காலை, எந்தப் படத்துக்குப் பெரிய அரங்கு என்று முடிவு செய்வதற்கு முன், மேலாளர் தேநீர்க் கோப்பையோடு பின்படிக்கு வந்து, யாரோ எவரோ என்பது போலச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, "என்னப்பா, எது தாங்கும்?" என்று கேட்பார். துடைப்பம் பிடித்தவனிடம் கேட்டதாக எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் தீர்ப்பு திங்கட்கிழமைகளில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தான்.

வீட்டில் அவனுக்கு ஒரு போட்டி இருந்தது. மனைவியின் தம்பி, வேலை தேடும் சாக்கில் எட்டு மாதமாக முன்னறையில் படுத்திருந்தவன். எல்லாப் படத்தையும் கைப்பேசியில் பார்ப்பான். ஆனால் எந்தப் படமானாலும் சரியாக அரை மணியில் தூங்கிவிடுவான். ஆக, மைத்துனனுக்குத் தொடக்கங்கள் மட்டுமே தெரியும்.

"மாமா, அந்தப் போலீஸ் படம் பிரமாதம். அந்தப் பொண்ணு தொலைஞ்சுபோற சீன் இருக்கே!"

"எந்தப் பொண்ணு? கடைசில பொண்ணே கிடையாதேடா."

"என்ன மாமா, அவளத் தேடித்தானே ஹீரோ கெளம்பறான்?"

"கெளம்பி ஒரு தொழிற்சாலைய எரிக்கிறான். அவளுக்கு என்ன ஆச்சுன்னு அவனுக்கே ஞாபகம் இல்ல."

இருவரையும் ஒட்டவைத்தால் ஏறக்குறைய ஒரு படம் தேறும். நடுவில் ஒன்றரை மணி நேரம் மட்டும் வாரிசில்லாச் சொத்தாகக் கிடக்கும். தட்டுகளை எடுத்துக்கொண்டே மனைவி சொல்வாள்: "அந்த நடுவுலதாங்க மனுஷங்க வேலை பாக்கறது. நகருங்க ரெண்டு பேரும்."

ஊழியர்களுக்கு மாதம் ஓர் இலவச இருக்கை உண்டு. அதைத் தீர்ப்பு ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. அவன் கொள்கையே வேறு. "கடைசில ஒருத்தன் மன்னிப்புக் கேட்டா மொதல்ல தப்புப் பண்ணியிருப்பான். இதத் தெரிஞ்சுக்க ரெண்டு மணி நேரம் எதுக்கு?" முடிவைப் பார்த்துத் தொடக்கத்தை அவனே கட்டிவிடுவான். கட்டியதை யாரிடமாவது சொல்லுவான். கேட்டவர்கள் அசல் படத்தைவிட அது நன்றாக இருந்ததாகச் சொல்வது வழக்கம். இந்தப் பாராட்டுதான் அவனைக் கெடுத்தது.

இப்படி இருக்கையில் இரண்டாம் அரங்குக்கு ஒரு சின்னப் படம் வந்தது. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அதைத் திருடி இணையத்தில் போடக்கூட யாருக்கும் தோன்றவில்லை. இதைவிடப் பெரிய அவமானம் ஒரு படத்துக்கு இல்லை. முதல் நாள் தீர்ப்பு சுவரோரம் போய் நின்றபோது திரையில் ஒரு காலி வீடு. அறுபது வயது மனிதர் ஒருவர் அறை அறையாக நடக்கிறார். சுவர்களைத் தடவுகிறார். ஒரு மூலையில் நின்று உள்ளங்கையை அழுத்தி வைத்து அப்படியே இருக்கிறார். ஓர் இளைஞன் வாசலில் வந்து நிற்கிறான். இருவரும் பேசவில்லை. பெரியவர் சாவியை எடுத்து அவன் கையில் வைக்கிறார். "இனி இது உன்னோடது. பாத்துக்க." இளைஞன் கேட்கிறான்: "போயிடுவீங்களா?" பெரியவர் கண்ணில் நீர் வழிகிறது. "போய்த்தான் ஆகணும்பா. என்னால இங்க நிக்க முடியல." வெளியே போகிறார். கதவைச் சாத்தவில்லை. தெருவில் நடந்து நடந்து புள்ளியாகிறார். இசை இல்லை. திரை இருள்கிறது.

தீர்ப்பு அழுதான். துடைப்பத்தின் காம்பில் நெற்றியை முட்டுக்கொடுத்து அழுதான். அரங்கில் இருந்தது பதினொரு பேர். படம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போதே பதினொரு ஜோடிச் செருப்பும் சரசரத்தன. அந்தச் சரசரப்பைக் கேட்டு வாழ்நாளில் முதன்முறையாக அவன், "பயபக்தியா எந்திரிக்கறாங்கக்கா" என்றான்.

பை அக்கா ஒரு டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "தம்பி, எல்லாம் காலி. வழிச்சுத் தின்னுருக்காங்க."

"துக்கத்துல பசிக்கும்கா."

"எனக்கு என்ன தம்பி வந்துது. பையப் பிடி, கட்டணும்."

அன்று சாயங்காலத்துக்குள் தொடக்கம் கட்டி முடிந்தது. இருபது வருடம் முன்பு கோபத்தில் மகனை வீட்டைவிட்டு விரட்டிய அப்பா. மகன் உயரம் பார்த்துக் கோடு கிழித்த அதே மூலையில்தான் கடைசியில் உள்ளங்கையை வைக்கிறார். மன்னிப்பு என்ற வார்த்தையே வராமல் வீட்டையே மன்னிப்பாகக் கொடுத்துவிட்டு, தான் மகனை அனுப்பிய அதே தெருவில் தானே போகிறார். கதவைச் சாத்தாதது ஏன்? அன்றைக்குச் சாத்தினாரே, அதற்காக.

திங்கட்கிழமை மேலாளர் பின்படிக்கு வந்தார். "புதுப் படம் ஒண்ணு வருது. செத்தவன் ஒரு கண்ணத் தொறந்தானே, அதோட ரெண்டாம் பாகம். அந்தச் சின்னப் படத்தத் தூக்கிடலாம்னு இருக்கேன்."

"சார், தூக்காதீங்க. கதவுப் படம் தங்கம்."

"பதினொரு பேரு வந்திருக்காங்க."

"தெரியாம இருக்காங்க சார். ஒரு வாரம் குடுங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலக் காட்சிக்குப் பாதி அரங்கு நெறையும்."

மேலாளர் முதன்முறையாகச் சுவரை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார். "உங்க பேச்சக் கேட்டு ஒரு வாரம் தள்ளிப் போடறேன்னா மேல எனக்குப் பதில் சொல்லணும். சொதப்பினா, கழிவறைப் பிரிவுல ஆள் இல்ல, தெரியும்ல? நிரந்தரமா அங்கதான். அரங்குப் பக்கம் வரக் கூடாது."

கழிவறை என்றால் நாற்றமல்ல தீர்ப்பின் பயம். அங்கே முடிவு கிடையாது. பாலம் வெடிக்காது, கண் திறக்காது, மழையில் யாரும் மன்னிப்புக் கேட்க மாட்டார்கள். நாளெல்லாம் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும். திங்கட்கிழமை யாரும் வந்து எதுவும் கேட்க மாட்டார்கள்.

"சரி சார்," என்றான்.

அந்த வாரம் அவன் பேசிய பேச்சுக்கு நாக்கில் கொப்புளம் வராதது ஆச்சரியம். பாப்கார்ன் வரிசையில் நின்றவர்களிடம் சொன்னான். குடியிருப்பின் நாலு மாடியிலும் கதவு தட்டிச் சொன்னான். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் தான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் கேட்டார். வண்டி நிறுத்துமிடத்துக் காவலாளி, தன் மகன் பேசி மூன்று வருடமாகிறது என்று சொல்லி டிக்கெட் எடுத்தார். ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர், எல்லாப் படத்துக்கும் தனியாக வருபவர், முழுக் கதையையும் நின்று கேட்டுவிட்டு மெதுவாக, "அழுகை வருமா?" என்றார். "கைக்குட்டை ரெண்டு கொண்டாங்கய்யா" என்றான் தீர்ப்பு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நூற்று அறுபத்தெட்டு பேர். மேலாளருக்கு வாயெல்லாம் பல். தீர்ப்பு வழக்கம்போலத் துடைப்பத்தை எடுக்கப் போனபோது தோளைப் பிடித்து நிறுத்தினார். "இன்னிக்கு நீங்க விருந்தாளி. நீங்க கூப்பிட்ட கூட்டம், நடுவுல உக்காந்து பாருங்க. வீட்டம்மாவையும் வரச் சொல்லுங்க." மரியாதை என்று நினைத்துத்தான் செய்தார். மனிதர் மேல் குற்றமில்லை.

தீர்ப்பு ஆறு வருடத்தில் முதல்முறையாக அந்த இருக்கை ஒன்றில் உட்கார்ந்தான். அடியில் என்ன இருக்கும் என்று நன்றாகத் தெரிந்தவனாதலால் காலை மேலேயே வைத்துக்கொண்டான். இடப்பக்கம் மனைவி, வலப்பக்கம் மைத்துனன். விளக்கு அணைந்தது. தொடக்கம் என்ற வஸ்து எப்படி இருக்கும் என்று பார்க்க அவனுக்கு உள்ளூர ஒரு குறுகுறுப்பு.

முதல் காட்சியில் அந்தப் பெரியவர் ஒரு வண்ணப்பூச்சு வாளியில் காலை விட்டு வழுக்கி விழுந்தார். எழுந்து எட்டு முறை தும்மினார். கண்ணில் நீர் வழிந்தது. பின்னணியில் யாரோ பாத்திரக் கடையைக் கவிழ்த்தது போல இசை.

தீர்ப்பு பொறுமையாக இருந்தான். மகன் வரட்டும்.

பெரியவர் வீட்டுத் தரகர். அவருக்குப் புது வண்ணப்பூச்சு வாசம் ஆகாது. இதை மறந்துவிடுவோமோ என்று பயந்து பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒருவர் அவர்மேல் எதையாவது பூசினார். ஒரு வீட்டை அவர் விற்க வேண்டும். அதில் பேய் இருப்பதாகப் பேச்சு. பேய் வந்தது. அது பேயில்லை, வாடகை கொடுக்காத ஒன்றுவிட்ட சகோதரன். விக்கல் எடுக்கிற காவல் அதிகாரி ஒருவர் வந்தார். ஒரு நாய் வந்தது. படத்தில் முன்கதை என்று ஒன்று இருந்தது அந்த நாய்க்கு மட்டும்தான்.

அரை மணி ஆனதும் மைத்துனன் தலை சாய்ந்தது. கடிகாரம் கெட்டாலும் இவன் கெட மாட்டான். தீர்ப்பு இருட்டில் சுற்றிலும் பார்த்தான். நாலு மாடிக் குடித்தனமும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் வங்கிக்காரர் மடித்த கைக்குட்டையை முழங்கால்மேல் வைத்துக் காத்திருந்தார்.

"மகன் எப்பங்க வருவான்?" பின்னாலிருந்து காவலாளி காதருகே கேட்டார்.

"இடைவேளைக்கு அப்புறம்," என்றான் தீர்ப்பு. குரல் அவனுடையது மாதிரி இல்லை.

இடைவேளைக்கு அப்புறம் வந்தது நாயின் குட்டி.

கடைசிப் பத்து நிமிடம் வந்தபோது அவனுக்குக் கால் தானாகவே சுவரோரம் போகத் துடித்தது. அங்கே நின்றால் ஒருவேளை பழைய படமே தெரியும். ஆனால் நடு இருக்கையில் மாட்டிக்கொண்டான். காலி வீடு. பெரியவர் சுவர்களைத் தடவுகிறார்: ஈரக்கசிவு இருக்கிறதா என்று. மூலையில் உள்ளங்கையை அழுத்துகிறார்: அங்கே இருக்கிறது, வாங்குகிறவன் கண்ணில் பட்டுவிடாமல் மறைக்கிறார். இளைஞன் வாங்குகிறவன். "இனி இது உன்னோடது. பாத்துக்க." "போயிடுவீங்களா?" "போய்த்தான் ஆகணும்பா. என்னால இங்க நிக்க முடியல." வண்ணப்பூச்சு நேற்றுத்தான் அடித்தது. கண்ணில் நீர் வழிகிறது. கதவைத் திறந்தே விட்டுப் போகிறார், வாசம் போகட்டும் என்று.

அந்த மகத்தான மௌனத்துக்கு மட்டும் காரணம் பிடிபடவில்லை. இரண்டு மணி நேரம் அடித்ததில் இசையமைப்பாளருக்குக் கை வலித்திருக்கலாம்.

நூற்று அறுபத்தெட்டு பேரும் ஒரே நேரத்தில் செருப்பைத் தேடினார்கள். மழை பெய்வது போல இருந்தது.

விளக்கு எரிந்தது. யாரும் வாசலுக்குப் போகவில்லை. எல்லாரும் நடுவரிசையைப் பார்த்துத் திரும்பினார்கள். வாசலில் நின்ற மேலாளருக்கு நிலவரம் புரிய அரை நிமிடம் ஆனது.

வங்கிக்காரர்தான் முதலில் வந்தார். "கைக்குட்டை ரெண்டு கொண்டு வந்தேன்பா. மூக்குச் சிந்தக்கூட ஆகல."

"எம்மகனுக்குப் பக்கத்து சீட்டு எடுத்து வெச்சிருந்தேன்," என்றார் காவலாளி. "நல்லவேளை, அவன் வரல. வந்திருந்தா இன்னும் மூணு வருஷம் பேசாம இருந்திருப்பான்."

மூன்றாம் மாடிக்காரம்மா கேட்டார்: "ஏம்பா, நீ சொன்ன கோடு எங்க? சுவத்துல உயரம் பாத்துக் கிழிச்சதுன்னு சொன்னியே? கேட்டுட்டு எம்பொண்ணு ரெண்டு நாள் அழுதா."

மேலாளர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "இதப் பாருங்க. நீங்க சொன்ன கணக்குக்குப் பாதி அரங்கு நெறஞ்சுடுச்சு, அத நான் இல்லன்னு சொல்லல. ஆனா இவ்வளவு பேரும் மேல புகார் எழுதினா என் தலை போகும். ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. 'நான் கடைசிப் பத்து நிமிஷம்தான் பாத்தேன், தப்பாச் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கங்க.' அவ்வளவுதான். கலஞ்சுபோயிடுவாங்க. நாளைக்கு நீங்க பாட்டுக்கு அரங்கு வேலையப் பாருங்க. சொல்லலன்னா நடவடிக்கை எடுத்துட்டேன்னு அவங்களுக்கு நான் காட்டியாகணும். எங்கன்னு உங்களுக்கே தெரியும்."

நியாயமான பேரம். சொல்ல வேண்டியது எட்டு வார்த்தை, அதுவும் உண்மை. பின்சுவரோரம் பையோடு நின்ற பை அக்கா, "சொல்லிடு தம்பி" என்று கண்ணாலேயே சொன்னார்.

தீர்ப்பு இருக்கைமேல் ஏறி நின்றான். அவன் வாயைத் திறந்தான். 'நான்' வரை வந்தது. அதற்கு மேல் அந்த வெறும் வீடு கண்முன் வந்து நின்றது. வண்ணப்பூச்சு வாடையே இல்லாத வீடு, மூலையில் ஏழு கோடுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி.

"நான் சொன்னதுதான் படம்," என்றான். "இவங்க எடுத்ததுதான் தப்பு."

"என்னய்யா சொல்ற?"

"பின்ன என்னங்க? அப்பேர்ப்பட்ட முடிவக் கையில வெச்சுக்கிட்டு எவனாவது நாயக் கொண்டு வருவானா? அந்தப் பெரியவர் கையப் பாத்தீங்கல்ல? ஈரக்கசிவ மறைக்கிற கையா அது? நடிச்ச ஆளுக்குத் தெரிஞ்சிருக்கு, படம் எடுத்தவனுக்குத் தெரியல. நான் பத்து நிமிஷம் பாத்தேன். எடுத்தவன் ரெண்டு வருஷம் கூடவே இருந்திருக்கான், அவனுக்கே அவன் படம் புரியலன்னா அதுக்கு நானா பொறுப்பு?"

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். ஒருவர் காலி டப்பாவை எறிந்தார். வங்கிக்காரர் மட்டும் கைக்குட்டையைப் பையில் வைத்துக்கொண்டு, "மகன் பேரு என்ன வெச்சிருந்த?" என்று கேட்டார். தீர்ப்பு அதை யோசித்திருக்கவில்லை. மேலாளர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

பேருந்தில் வீடு திரும்பும்போது மூவரும் கடைசி இருக்கையில். தூங்கி எழுந்த தெம்பில் மைத்துனன் சொன்னான்: "ஆரம்பம் நல்லாத்தான் மாமா இருந்துச்சு. வாளில விழுந்தாரே!"

தீர்ப்பு ஜன்னலைப் பார்த்தான்.

"எனக்குப் பிடிச்சிருந்துச்சுங்க," என்றாள் மனைவி.

அவன் திரும்பினான்.

"நெஜமாத்தான். அந்த விக்கல் அதிகாரி நடுவுல ஏணில தொங்கிக்கிட்டு வாக்குமூலம் வாங்கினாரே, நான் கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சேன். நீங்க பாக்கலையா?"

அவன் பார்க்கவில்லை. அந்த நேரம் முழுக்க மகனைத் தேடிக்கொண்டிருந்தான். இரண்டு மணி நேரம் உள்ளே உட்கார்ந்தும் தான் இன்னும் ஒரு படத்தையும் முழுசாகப் பார்க்கவில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை கதவுப் படம் போயிற்று, கண் திறக்கிற படம் வந்தது. தீர்ப்பு இஸ்திரி போட்ட சட்டைக்கு மேல் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு கீழ்த்தளத்து ஆண்கள் கழிவறைக்குப் போனான். ஆறு தொட்டி, நாலு கதவு, ஒரு நீளக் கண்ணாடி, எரிச்சலூட்டுகிற ஒரு கை உலர்த்தி. முதல் ஒரு மணி நேரம் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும்தான். கண்ணாடியைத் துடைத்தான். கண்ணாடியில் தெரிந்த ஆளிடம் சொல்ல ஒரு அபிப்பிராயமும் இல்லை.

பதினொன்றே காலுக்கு இடைவேளை விட்டது. கதவை இடித்துக்கொண்டு நாற்பது பேர் உள்ளே வந்தார்கள்.

"யப்பா, இன்னும் ஒன்னேகால் மணி நேரமா?"

"மொதப் பாகத்துலயே செத்துத் தொலஞ்சிருக்கலாம்."

"சண்டை பரவால்லடா. அந்தத் தங்கச்சி பாட்டு வந்துச்சே, அப்பதான் என் வாழ்க்கையப் பத்தி யோசிச்சேன்."

"என் பொண்டாட்டி அழுவுறா. எதுக்குன்னு கேக்க பயமா இருக்கு."

ஒருவரை ஒருவர் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு, வரிசையாக நின்று பேசினார்கள். அவசரத்தில் இருக்கிற மனிதனுக்குப் பொய் ஜோடிக்க நேரமில்லை. மூன்று பேர் கை கழுவிவிட்டு நேராக வெளிவாசல் பக்கம் திரும்பியதையும், இரண்டு பேர் கை கழுவாமலே அரங்குக்கு ஓடியதையும் தீர்ப்பு கவனித்தான். துடைப்பதை நிறுத்திவிட்டுக் கவனித்தான்.

புதன்கிழமை அவன் பாப்கார்ன் விற்பவரிடம், படத்தின் முடிவை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று விளக்கிக்கொண்டிருந்தான். "கடைசில எவன் வேணாலும் அழவெப்பான்ணே. செத்தவன் கண்ணத் தொறந்தா யாருக்குத்தான் ஒரு மாதிரி இருக்காது? இடைவேளையில கை கழுவாம ஓடறான் பாருங்க, அதுதான் படம்." அவர் மறுத்துப் பேசவில்லை. ஆறு வருடமாக அவன் நேர்மாறாகச் சொன்னதையும் அவர் மறுத்ததில்லை.

சனிக்கிழமை பை அக்கா கழிவறை வாசலில் நின்று, புதுப் படத்தின் முடிவில் என்ன நடக்கிறதென்று சொல்ல ஆரம்பித்தார். தீர்ப்பு ரப்பர் கையை உயர்த்தித் தடுத்துவிட்டான். "சொல்லாதக்கா. நான் இன்னும் இடைவேளையே தாண்டல."

அடுத்த திங்கட்கிழமைக் காலை மேலாளர் கழிவறைக்குள் வந்தார். கை கழுவினார். கழுவ வேண்டிய அளவுக்கு மேல் கழுவினார். கண்ணாடியையும் பார்க்காமல் அவனையும் பார்க்காமல், கை உலர்த்தியிடம் கேட்பது போலக் கேட்டார்:

"என்னப்பா, அந்தக் கண்ணு தொறக்கற படம் பெரிய அரங்குல தாங்குமா?"

தீர்ப்பு கையுறையை ஒவ்வொரு விரலாக உருவினான்.

"கை கழுவாம ஓடினது ரெண்டே பேரு சார்," என்றான். "அதுல ஒருத்தன் என் ஓசி சீட்டுல வந்த எம்மைத்துனன். அவன் தூங்கப் போனான்."